பேக்டோர்: திட்டிவாசலா, புழைக்கடையா?

வணக்கம்.

2016இல் ஆப்பிளுக்கும் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐக்கும் நடந்த வழக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பேக்டோர்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. கருவியிலோ மென்பொருளிலோ பூட்டைத் தாண்டி உள்ளே போக வைக்கிற தனி வழி அது. 'பின்கதவு' என்றால் டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல் இருக்கிறது. 'கொல்லைப்புற வழி' என்றால் சிபாரிசில் வேலை வாங்கியவர்கள் ஞாபகம் வருகிறார்கள். வேறு சொல் உண்டா?

* * *

> வேறு சொல் உண்டா?

'திட்டிவாசல்' பொருந்துமே. கோட்டையின் பெரிய கதவைச் சாத்திய பிறகும் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழைய, அந்தக் கதவிலேயே வைத்த சின்ன வாசல். கட்டும்போதே வைப்பது. தாழ் காவல்காரன் கையில். யாராவது 'கள்ளவழி' என்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அது வேண்டாம். நீதிமன்ற ஆணையோடு வந்து கேட்பவரைக் கள்ளன் என்றால், சொல்லிலேயே தீர்ப்பெழுதிவிட்டோம்.

* * *

> சொல்லிலேயே தீர்ப்பெழுதிவிட்டோம்

ஐயா, திட்டிவாசலும் தீர்ப்புதான், அரசுக்குச் சாதகமாக. அங்கே பாதிச் சண்டையே இந்தச் சொல்லைப் பற்றியது. 2014இலேயே எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி, நாங்கள் பின்வாசலைக் கேட்கவில்லை, சட்டப்படி முன்வாசல் வழியாக வரத்தான் பார்க்கிறோம் என்று பேசினார். 2016 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணை வந்ததும் ஆப்பிள் தலைமை அதிகாரி டிம் குக் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி, இது பேக்டோரேதான் என்றார்.

ஆணை கேட்டது இதைத்தான்: சான் பெர்னார்டினோவில் 14 பேரைச் சுட்டுக் கொன்ற இருவரில் ஒருவர் வைத்திருந்த ஐபோன் 5சி. கடவெண்ணைப் பத்து முறை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடலாம். அந்தக் காவலை எடுத்துவிடும் மென்பொருளை ஆப்பிளே எழுதித் தர வேண்டும். இதற்கு அரசு தூக்கிக்கொண்டு வந்த சட்டம் 1789ஆம் ஆண்டுடையது! மார்ச் மாதக் கடைசியில், வேறொருவர் உதவியோடு திறந்துவிட்டோம் என்று அரசே பின்வாங்கிவிட்டது. கேள்வி அப்படியே நிற்கிறது.

காவல்காரன் கையில் தாழ் என்கிறீர்கள். ஏதென்ஸில் 2004-05இல் என்ன ஆனது? போலீஸ் ஆணையோடு ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி இணைப்பக மென்பொருளிலேயே ஒரு வசதி இருந்தது. வோடஃபோன் இணைப்பகங்களில் யாரோ நுழைந்து அதே வசதியை முடுக்கிவிட்டு, கிரீஸ் பிரதமர் கோஸ்தாஸ் கரமன்லிஸ் உட்பட நூறு பேர் அளவுக்கு ஒட்டுக்கேட்டார்கள். வாசல் சட்டத்துக்காக வைத்தது, வந்தவர் வேறு.

எங்கள் ஊர் வீட்டில் புழக்கடைக் கதவுக்குப் பூட்டு கிடையாது, உள்ளே ஒரு மரத்தாழ். சாவியை மறந்த நாளில் பாட்டி வெளியிலிருந்து ஈர்க்குச்சியை இடுக்கில் விட்டுத் தாழை நெம்பித் திறப்பார். எங்களுக்காக அவர் கண்டுபிடித்த வழி. ஒரு நாள் வெண்கல அண்டா போனது. குச்சி வாசலிலேயே கிடந்தது.

புழக்கடை என்பது புழைக்கடைதான். புழை என்றால் துளை, கடை என்றால் வாயில். பழைய சொல்லையே முழுசாக மீட்டு, 'புழைக்கடை' என்று வைத்தால் என்ன?

* * *

> புழை என்றால் துளை

அப்படியானால் மென்பொருளில் இருக்கிற எல்லா ஓட்டையும் புழைக்கடை ஆகிவிடாதா? நிரலில் தெரியாமல் விழுந்த பிழையை என்ன சொல்வீர்கள்?

* * *

அது வெறும் ஓட்டை. அதில் கடை, அதாவது வாயில், இல்லை. ஓட்டை விழும், புழைக்கடையை ஒருவர் வைக்க வேண்டும். அரசு கேட்டு வைத்ததா, யாருக்கும் தெரியாமல் வைத்ததா என்பதை அடைமொழியில் சொல்லிக்கொள்ளலாம்: 'ஆணைப் புழைக்கடை', 'மறை புழைக்கடை'. 1993இல் கிளின்டன் அரசு கொண்டுவந்த, தொலைபேசிப் பேச்சை மறையாக்கும் கிளிப்பர் சில்லு முதல் வகை. அதில் சாவியையே இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அலுவலகங்களில் வைப்பதாக ஏற்பாடு. அதற்குத் தனியாகச் 'சாவி ஒப்படைப்பு' என்று ஒரு சொல் போதும்.

* * *

திட்டிவாசலை விட எனக்கு மனசில்லைதான். ஆனால் அந்தக் குச்சி என்னை மடக்கிவிட்டது. கோமியின் பேச்சை மேற்கோள் காட்டுகிற இடத்தில் மட்டும் என் சொல்லை வையுங்கள். அவர் கேட்டது அதைத்தானே.

* * *

அனைவருக்கும் நன்றி. கட்டுரையில் 'புழைக்கடை' போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பேக்டோர். கோமி வாயில் திட்டிவாசல். அப்புறம், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத மறையாக்கத்துக்குச் சொல்லும் 'எண்ட்-டு-எண்ட்' இன்னும் பாக்கி இருக்கிறது. 'முனைக்குமுனை' என்று சொல்ல நாக்கு வளையவில்லை.