கார்பன் குழாய்க்கு நிலம் கேட்கிறார்கள், யோசனை சொல்லுங்கள்
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சோள நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம். எத்தனால் ஆலைகளில் பிடிக்கும் கரியமில வாயுவைக் கொண்டுபோகும் குழாய் அதன் வழியாக வருகிறதாம். இப்போதே கையெழுத்துப் போட்டால் நல்ல தொகை, இல்லாவிட்டால் கட்டாயமாக எடுத்துக்கொள்வோம் என்கிறார் நிறுவனத்தின் ஆள். இந்த மிரட்டல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பக்கத்திலுள்ள தெற்கு டகோட்டாவில் 2025 மார்ச்சில் இந்தக் குழாய்களுக்குக் கட்டாய நிலமெடுப்பையே தடைசெய்துவிட்டார்கள். இங்கே அதைக் கட்டுப்படுத்தும் மசோதா அதே ஆண்டு சட்டமன்றத்தில் நிறைவேறியும், ஆளுநர் தடுத்துவிட்டார்.

ஒப்பந்தத்தைப் படித்தேன். வழியுரிமை, அதாவது எங்கள் நிலத்தில் குழாய் பதித்து வைத்திருக்கும் உரிமை, நிரந்தரம்; பணமோ ஒரே தடவைதான். வயலுக்கடியில் இருக்கும் வடிகால் குழாய்கள் தோண்டும்போது உடைந்தால் யார் சரிசெய்வது? ஒரு வரிகூட இல்லை. கசிவுக்கு யார் பொறுப்பு என்பதும் மழுப்பலாக இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் சடார்ஷியாவில் 2020-ல் இப்படியொரு குழாய் உடைந்து 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். குத்தகைக்காரர் வீடு வயலை ஒட்டியே இருப்பதால் எனக்கு அதுதான் பெரிய பயம்.

இப்படிக் குழாய்க்கு நிலம் கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த நிபந்தனைகளைக் கேட்டு எழுதி வாங்கினீர்கள்? நில உரிமையாளர் பக்கம் மட்டுமே வாதாடும் வழக்கறிஞர் தெரிந்தாலும் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்துப் போடப்போவதில்லை.