இணையத் தொலைபேசியில் ஃபேக்ஸ்: ஒரு பக்கம் போகிறது, ஐந்து பக்கம் பாதியில் அறுந்துவிடுகிறது

கேள்வி:
டொராண்டோவில் ஒரு சிறிய கிளினிக்கில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். மருந்துக் கடைக்குச் சீட்டு, சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் எல்லாம் இங்கே இன்னமும் ஃபேக்ஸில்தான் போகின்றன. செம்புக் கம்பி இணைப்பை விட்டு இணையத் தொலைபேசிக்கு மாறினோம். ஃபேக்ஸ் இயந்திரம் அடாப்டர் பெட்டியில் செருகியிருக்கிறது. ஒரு பக்கச் சீட்டு ஒழுங்காகப் போகிறது. நான்கைந்து பக்கம் என்றால் நடுவில் "தொடர்புப் பிழை" என்று தாள் வருகிறது. பேச்சு அழைப்புகளில் குறையே இல்லை. நோயாளிகள் காத்திருக்கிறார்கள், உதவுங்கள்.

பதில் 1:
இயந்திரத்தில் இசிஎம் என்ற பிழைதிருத்த வசதியை அணைத்துவிடுங்கள். வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறையுங்கள். போய்விடும்.

பதில் 2:
வேகத்தைக் குறைப்பது சரி. இசிஎம்மை அணைக்கச் சொல்வதைக் கடுமையாக எதிர்க்கிறேன். பழுதான துண்டுகளை மறுபடி கேட்டு வாங்கிப் பக்கத்தை முழுதாக்குவது அதுதான். அணைத்துவிட்டால் சில வரிகள் சிதைந்தபடியே பக்கம் போய்ச் சேரும். உங்கள் இயந்திரமோ "வெற்றி" என்று அச்சிடக்கூடும். 2.5 மில்லிகிராம் என்பதில் புள்ளி இருக்கும் மெல்லிய கீற்று தொலைந்தால் கடைக்காரர் 25 என்று படிப்பார். விலைப்பட்டியலுக்கு அணைத்துக்கொள்ளலாம், மருந்துச் சீட்டுக்குக் கூடாது.

காரணம் இதுதான். அடாப்டர் ஃபேக்ஸின் ஒலியையும் பேச்சைப்போலவே பொட்டலங்களாக வெட்டி அனுப்புகிறது, வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒன்று தவறினால் பேச்சில் காதுக்குத் தெரியாது, ஆனால் ஃபேக்ஸுக்குள் தரவை ஒலியாகவும் ஒலியைத் தரவாகவும் மாற்றும் மோடம் தடுமாறிவிடும். தவிர, இரு முனைகளின் கடிகாரங்களும் இம்மியளவு வேறுபட்டு ஓடுவதால் வரும் பொட்டலங்களைச் சற்று நிறுத்திவைக்கும் தாங்கல் நினைவகம் மெல்ல நிரம்பியோ வற்றியோ ஒரு கட்டத்தில் நழுவுகிறது. அழைப்பு நீண்டால்தான் அது நேரும். ஒற்றைப் பக்கம் தப்பிப்பது அதனால்தான்.

தீர்வு டி.38, இணையத்தில் ஃபேக்ஸ் அனுப்ப ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வகுத்த முறை. இதில் அடாப்டரே உங்கள் இயந்திரத்தோடு மோடமாகப் பேசி, ஒலியைத் தரவாக்கி அனுப்பும். மறுமுனை நிலையம் அதைத் திரும்ப ஒலியாக்கும். ஒவ்வொரு பொட்டலத்திலும் முந்தையதன் நகலையும் சேர்க்கலாம் என்பதால், ஒன்று தொலைந்தாலும் அடுத்ததில் கிடைத்துவிடும். டி.38-ஐ அடாப்டரில் இயக்குங்கள், தொலைபேசி நிறுவனத்தையும் தங்கள் பக்கம் திறந்துவிடச் சொல்லுங்கள். அடாப்டரில் ஒலியைத் தரவாக்கும் குரல் முறை ஜி.729 என்றிருந்தால் ஜி.711-க்கு மாற்றுங்கள், ஜி.729 செய்வதுபோல் நொடிக்கு 8 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் மோடம் ஒலி பிழைக்காது.

கேட்டவர்:
நன்றி ஐயா. மின்னஞ்சல் அனுப்பினால் தன்னார்வலர்களின் நிலையங்கள் இலவசமாக ஃபேக்ஸ் ஆக்கித் தரும் என்று எங்கள் மருத்துவர் சொல்கிறார். அது ஆகாதா?

பதில் 3:
அவர் சொல்வது டிபிசி.இன்ட். கார்ல் மாலமுட், மார்ஷல் ரோஸ் என்ற இணைய வல்லுநர்கள் இருவரும் 1993-இல் தொடங்கிய சோதனை. பெறுநரின் தொலைபேசி எண்ணைப் பின்னிருந்து முன்னாக, இலக்கத்துக்கு இலக்கம் புள்ளி வைத்து இணைய முகவரியாக்கினார்கள். அஞ்சல் அந்த வட்டாரத்தில் நிலையம் நடத்தியவரிடம் போனது. அவர் உள்ளூர் அழைப்பில் ஃபேக்ஸ் அனுப்பினார். வெளிநாட்டு அழைப்பு யானை விலை விற்ற காலத்தில் அப்படி உழைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் நோயாளியின் விவரத்தை முன்பின் தெரியாதவரின் கணினி வழியாக அனுப்பக் கூடாது. இன்னொன்று: இப்படி வாங்கிவைத்து அனுப்பும் முறையில் "அனுப்பப்பட்டது" என்றால் நிலையம் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருளாக இருக்கலாம். டி.38-இல் எதிர்முனை இயந்திரமே பக்கந்தோறும் ஒப்புதல் தருகிறது.

கேட்டவர்:
டி.38 திறந்துவிட்டார்கள். வேகம் 9,600, இசிஎம் அப்படியே இருக்கிறது. ஐந்து பக்கக் கடிதம் முழுதாகப் போனது. பெற்றவரை அழைத்துக் கேட்டுக்கொண்டேன். ஒரு மருத்துவமனை எண்ணுக்கு மட்டும் இன்னும் அறுந்துபோகிறது.

பதில் 2:
அந்த அழைப்பு டி.38-க்கு மாறுகிறதா என்று அடாப்டரின் பதிவேட்டில் பாருங்கள். மாறவில்லை என்றால் வழியில் உள்ள ஏதோ ஒரு நிறுவனம் அதை ஏற்கவில்லை. அழைத்த நேரத்தையும் எண்ணையும் கொடுத்து, வேறு தடத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அந்த எண்ணுக்கு ஒவ்வொரு பக்கமாக அனுப்புங்கள். எல்லாப் பக்கத்திலும் நோயாளியின் பெயரும் "5-இல் 2" என்பதுபோல் பக்க எண்ணும் இருக்கட்டும்.