வங்கக் கடலிலிருந்து அரபிக் கடல் வரை கார் பயணம்: மலை ஏறுவதா, கணவாய் வழியா?

வழிப்போக்கன்:
பொங்கலை ஒட்டிக் குடும்பத்தோடு காரில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். மயிலாடுதுறை, நாகை மாவட்டக் கடற்கரையில் தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கேரளத்தில் செறாய் கடற்கரையில் முடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடலும் வேண்டும், காட்டு விலங்கும் வேண்டும். அம்மாவும் வருகிறார். கையில் நான்கு நாள். போட்டு வைத்திருக்கும் வரிசை இது: தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை, தஞ்சாவூர், அமராவதி முதலைப் பண்ணை, டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், வால்பாறை, அதிரப்பள்ளி, செறாய். எங்கே நெருக்கிப் பிடித்தால் எல்லாம் முடியும்?

ஆனைமலை:
எங்கே நெருக்கினாலும் முடியாது நண்பரே. முதலில் பரம்பிக்குளத்தை எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் அது பாலக்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். ஆனால் நாம் காரில் போகக்கூடிய சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து மட்டும்தான். அந்தப் பக்கம் கேரளாவுக்குள் இறங்க வழி கிடையாது. போன வழியே பொள்ளாச்சிக்குத் திரும்ப வேண்டும். உள்ளே வனத்துறை வண்டியில் சுற்றி, கன்னிமாரா என்ற பழம்பெரும் தேக்கு மரத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஒரு பகல் முழுதாகப் போய்விடும். அருமையான காடு, அதனால்தான் சொல்கிறேன், அதற்கென்று தனியாக வாருங்கள்.

பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி, சாலக்குடி. உங்களுக்கு இந்த ஒரு வழி போதும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. வால்பாறையிலிருந்து சாலக்குடி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பகுதி காடு. மளுக்கப்பாறையிலும் வாழச்சாலிலும் சோதனைச் சாவடி உண்டு. நுழையும் நேரத்தைப் பதிவு செய்துகொள்வார்கள். சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள். இந்தச் சாவடி நேரத்தை வைத்துத்தான் மற்ற நாட்களைப் பின்னோக்கிப் போட வேண்டும். கடற்கரையை எந்த நேரத்திலும் போய்ப் பார்க்கலாம், காடு அப்படி இல்லை.

சக்கரம்:
நான் இதற்கு நேர் எதிர்க் கட்சி. வயதான அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு 40 வளைவு ஏறி, மறுநாள் குறுகலான காட்டுப் பாதையில் நாலு மணி நேரம் இறங்குவது எதற்கு? கடல் விட்டுக் கடல் போவதற்கு இயற்கையே ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். கேரளக் கரையில் இருந்த பழைய முசிறித் துறைமுகத்துக்கும் கரூருக்கும் நடுவே வணிகர்கள் போய்வந்த வழி அது. கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகள் அந்தப் பாதையை ஒட்டித்தான் இருந்தன. பழைய காலத்து ஆட்களே மலையில் ஏறாமல் கணவாயில்தான் போனார்கள்.

திருச்சி, கரூர், கோவை, பாலக்காடு, திருச்சூர். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரான் சுரங்கப்பாதை 2021இல் திறந்த பிறகு பழைய நெரிசல் இல்லை. காலையில் தஞ்சாவூரில் கிளம்பினால் அன்றைக்கே மேற்குக் கடலில் கால் நனைக்கலாம். மிச்சமாகும் நாட்களை இரண்டு கடற்கரைக்கும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது மணலும் அலையும்தான், ஜன்னலுக்கு வெளியே போகும் மரம் இல்லை.

ஆனைமலை:
வாந்தி பயம் இருந்தால் கணவாய் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது கடலும் விலங்கும். ஆறு வழிச் சாலையில் என்ன விலங்கு பார்ப்பார்?

ஆழியாறிலிருந்து ஏறும்போது 9ஆவது வளைவில் ஒரு காட்சி முனை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறைகளில், சில நாள் சாலைத் தடுப்புச் சுவரிலேயே, வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு. மூணாறுப் பக்கம் இரவிகுளத்தில் சீட்டு வாங்கி வரிசையில் நின்று பார்ப்பதை இங்கே சும்மா பார்க்கலாம். இரவிகுளத்தைக் குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி மார்ச்சில், மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம் வரும். அங்கே சிங்கவால் குரங்குக் கூட்டம் உண்டு. சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் சாகக்கூடாது என்று மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மேலே அண்ணாந்து பாருங்கள், கீழே மெதுவாக ஓட்டுங்கள். கருமுகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியோடு அது பலாப்பழத்தைப் பிய்ப்பதைப் பார்த்த பிள்ளை அலையை மட்டும் நினைவில் வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், எதுவும் போடாதீர்கள். பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்குதான் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது.

கோடிக்கரையான்:
எல்லாரும் மலையைப் பற்றியே பேசுகிறீர்கள். கோடியக்கரை ஏதோ வண்டி கிளம்பும் இடம் மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பயணத்தின் பெரிய விலங்குக் காட்சியே அங்கேதான் இருக்கிறது.

1967இலேயே சரணாலயம் ஆன இடம். 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. திறந்த புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேயும். கிடா முதுகு கறுத்து, வயிறு வெள்ளையாக, கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். பெட்டைகள் வெளிர் பழுப்பு. காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் உட்கார்ந்தால் அதுபாட்டுக்கு மேயும். கதவு ஓசை கேட்டதும் முதல் மான் எகிறும், அடுத்த நொடி கூட்டமே எகிறும். மட்டக்குதிரைகளும் அங்கே காடேறித் திரிகின்றன. வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் பூநாரை, கரண்டிவாயன் போன்ற பறவைகள் எல்லாம் வடகிழக்கு மழை முடிந்து நீர் மட்டம் சரியாக இருக்கும்போது இறங்கும். ஜனவரி அதற்கு நல்ல மாதம்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைச் சாய்த்துப் போட்டது. மான்களும் நிறையச் செத்தன. அதற்குப் பிறகும் தேறி நிற்கிற இடம். அதற்கு அரை நாள் என்றால் மனது கேட்கவில்லை. முந்தின நாள் மதியமே வந்து வேதாரண்யத்தில் தங்குங்கள். சாயங்காலம் ஒரு சுற்று, விடியலில் ஒரு சுற்று. உச்சி வெயிலில் வந்து "மானைக் காணோம்" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குளிக்கும் கடல் அது இல்லை, சேறு கலந்த ஆழமில்லாத கரை. பிள்ளைகள் அலையில் ஆட வேறு இடம் பாருங்கள்.

மலபார் மணல்:
மூன்றாவது வழியை யாரும் சொல்லவில்லையே. கோவை, உதகை, முதுமலை, கூடலூர், நாடுகாணி, நிலம்பூர், கோழிக்கோடு, அங்கிருந்து கண்ணூர்ப் பக்கம் முழப்பிலங்காடு. யானை பார்க்க முதுமலையை விட்டால் சாலையோரத்தில் அவ்வளவு வாய்ப்பு எங்கே? காட்டெருமை, புள்ளிமான் எல்லாம் வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். கடைசியில் முழப்பிலங்காட்டில் ஈர மணலிலேயே சுமார் நான்கு கிலோமீட்டர் காரை ஓட்டலாம். பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனைமலை:
நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய வண்டி அனுமதி) நடைமுறை வந்துவிட்டது, பொங்கல் கூட்டம் வேறு. முதுமலை, பந்திப்பூர் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. தனியாக நான்கு நாள் இருந்தால் நல்ல வழிதான். இவருடைய நான்கு நாளில் கோடியக்கரையும் முழப்பிலங்காடும் ஒன்றாக அடங்காது.

கடலாமை:
கடற்கரையில் கார் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முழப்பிலங்காட்டில் அனுமதி இருக்கிறது, அது வேறு. அந்த ருசியில் நாகைப் பக்கத்திலும் மணலில் வண்டியை இறக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை சிற்றாமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும் காலம். இரவில் ஏறும், மணலைத் தோண்டும், மூடிவிட்டுப் போகும். டயர் ஏறினால் மணல் இறுகும், முட்டையும் போகும். டார்ச், ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். ராத்திரி கடற்கரைக்குப் போனால் விளக்கில்லாமல் போங்கள், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வலைத் துண்டைப் பார்த்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

மலபார் மணல்:
அனுமதி உள்ள இடத்தை மட்டும்தான் சொன்னேன் தோழரே. அங்கேயும் அலை ஏறும் நேரம் கேட்டுத்தான் இறங்க வேண்டும். அன்றைக்கே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அரிக்கும்.

சக்கரம்:
நேர விஷயத்துக்கு வருவோம். ஆனைமலை சொல்கிறபடி எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போனால் பயணத்தில் என்ன மிஞ்சும்? சமவெளியை ராத்திரியில் ஓட்டுங்கள். தஞ்சாவூரிலிருந்து இரவு உணவு முடித்துக் கிளம்பினால் விடியலில் பொள்ளாச்சி. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பகல் முழுசாக மலைக்குக் கிடைக்கும். ஒரு நாள் லாபம்.

ஆனைமலை:
தை மாதத்திலா? திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். தைப்பூசம் நெருங்க நெருங்க ராத்திரியில்தான் அதிகம் நடப்பார்கள், வெயிலுக்குப் பயந்து. காவடியோடும் குழந்தைகளோடும் சாலையோரத்தில் நடப்பவர்களுக்கு நடுவே தூக்கக் கண்ணோடு ஓட்டுவது ஒரு நாள் லாபத்துக்கு ஈடாகாது. பகலில் போனாலும் கரூர், தாராபுரம் வழியாகப் பொள்ளாச்சி போவது நல்லது.

இரவு முழுக்க விழித்து ஓட்டியவர் காலையில் அந்த 40 வளைவில் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. ஆனால் விடுமுறை நாளில் எதிரே வருகிறவருக்கு அது தெரியும் என்று நம்பி வளைவில் திரும்பக்கூடாது. இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைக்காமல் இரண்டாவது கியரில் விடுங்கள்.

சக்கரம்:
பாதயாத்திரை விஷயம் சரி, தாராபுரம் வழி பரவாயில்லை. கணவாயைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான். ஜனவரியில் அதிரப்பள்ளிக்கு அத்தனை கஷ்டப்பட்டுப் போய் என்ன பார்ப்பார்? 80 அடி உயரத்திலிருந்து முழு அகலத்துக்குக் கொட்டுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். மேலே பெரிங்கல்குத்து அணை வேறு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு விடுகிறார்களோ அவ்வளவுதான் அருவி.

ஆனைமலை:
உண்மைதான். முழு அருவி வேண்டுமென்றால் ஆகஸ்ட் செப்டம்பர், பூநாரை வேண்டுமென்றால் ஜனவரி. ஒரே பயணத்தில் இரண்டையும் கேட்க முடியாது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, அப்போது நாகைச் சாலையில் நகரவும் முடியாது. அருவி மெலிந்திருந்தாலும் வாழச்சால் காடு மெலியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் இருக்கும் காடு அது. பெரிய இருவாச்சி பறந்தால் தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் காற்றைக் கிழிப்பது காதில் விழும். அதற்காகத்தான் அந்த வழி, அருவிக்காக மட்டும் இல்லை.

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்தில் பேசி, பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, குடியரசு தின விடுமுறைக்கு முன்னால் வரும் வார நாட்களுக்கு மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளின் பள்ளியிலும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் கூடுதலாகவும் கிடைத்திருக்கிறது.

முதல் நாள் தரங்கம்பாடியில் காலை, 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டையும் கடலும், மதியத்துக்குள் வேதாரண்யம், சாயங்காலம் கோடியக்கரை. இரண்டாம் நாள் விடியலில் மறுபடி கோடியக்கரை, பிறகு தஞ்சாவூரில் தங்கல். மூன்றாம் நாள் பொள்ளாச்சி வரை, இருட்டும் முன். நான்காம் நாள் நிதானமாக வால்பாறை. ஐந்தாம் நாள் காலையிலேயே மளுக்கப்பாறைச் சாவடி, வாழச்சால், அதிரப்பள்ளி, மாலையில் செறாய். வேளாங்கண்ணி, முதலைப் பண்ணை, டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் நான்கையும் எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் இன்னும் யோசனை.

கோடிக்கரையான்:
வேளாங்கண்ணியை எடுத்தது எனக்குச் சம்மதம். இரண்டாம் நாள் கோடியக்கரையில் குறைந்தது ஒன்பது மணி வரை இருங்கள், தஞ்சைக் கோயில் எங்கேயும் ஓடிவிடாது.

ஆனைமலை:
அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஆழியாறில் அரை மணி நேரம் நிறுத்துங்கள், வெறும் வயிற்றோடும் வேண்டாம், நிறையச் சாப்பிட்டும் வேண்டாம். அப்புறம் எரிபொருளை வால்பாறையில் நிரப்பிக்கொள்ளுங்கள், அதிரப்பள்ளி வரை நடுவில் எதையும் நம்ப முடியாது. காட்டுக்குள் செல்போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வால்பாறையில் ராத்திரி சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பக்கத்தில் யானை இருக்கிறது என்று ஊர்க்காரர்களை எச்சரிக்க வைத்த விளக்கு அது.

சக்கரம்:
அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறைக்குப் போகவே வேண்டாம், பொள்ளாச்சிக்கு இறங்கிப் பாலக்காடு வழியாகப் போங்கள். அன்று மாலையே செறாய் வந்துவிடும். செறாய்க்குப் பக்கத்தில் முனம்பம் கழிமுகத்தில் டால்பின்கள் தென்படுவதுண்டு, அதையும் விலங்குக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவை வால்பாறையில் தங்கிய அன்று இரவே எடுத்துவிடுங்கள். சாவடி தாண்டிப் பாதிக் காட்டில் வைத்து யோசிக்க முடியாது.