டிரெஸ்டனில் முதல் குளிர்கால விடுமுறை: தனியாக எங்கே போகலாம்?

சிறுமலை:
வணக்கம். அக்டோபரில்தான் ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டனுக்கு முதுகலை படிக்க வந்தேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். டிசம்பர் 22 முதல் இரண்டு வாரம் வகுப்பு கிடையாது. விடுதியில் என் தளத்தில் இருக்கும் ஆறு பேரில் ஐந்து பேர் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். நான் மட்டும்தான் மிச்சம். அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க விருப்பமில்லை.

செலவுக்கு 200 யூரோ ஒதுக்கியிருக்கிறேன். மாணவர்களுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது, நாடு முழுக்க வட்டார ரயில்களில் போகலாம். இரவு பஸ்ஸில் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் என்று ஒரு சுற்று போய் வரலாமா? முடிந்தால் செக் நாட்டின் பிராக். கிறிஸ்துமஸ் சந்தைகளை 26-க்கு அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன். தனியாகப் போவது சரியா? குளிருக்கு என்னவெல்லாம் வாங்க வேண்டும்? நான் சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொறையார்க்காரி:
தம்பி, நானும் டிரெஸ்டனில்தான் படித்தேன். இப்போது லைப்சிக்கில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் சந்தை. 26-க்கு அப்புறம் என்று தள்ளிப் போடாதே. டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434-இல் தொடங்கிய சந்தை, டிசம்பர் 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும். மற்ற ஊர்களிலும் பெரும்பாலும் அதையொட்டித்தான் மூடுவார்கள். நீ போகும்போது கடைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இந்த வாரமே ஒரு மாலை போய்விடு. மது வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் கேள். பழச்சாற்றில் பட்டை, கிராம்பு போட்டுச் சுடச்சுடத் தருவார்கள். கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும்.

அடுத்து பாரிஸ், ஆம்ஸ்டர்டாம். இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. டிசம்பர் கடைசியில் இங்கே விடியவே எட்டு மணிக்கு மேலாகிவிடும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இரவு முழுக்க பஸ்ஸில் கண்விழித்துவிட்டுப் போய் இறங்கினால் பகல் கையில் தங்காது. புத்தாண்டு வாரத்தில் தங்குமிட வாடகையும் ஏறிக் கிடக்கும். அந்த ஊர்களை ஏப்ரல், மே மாதத்தில் பார். இந்த இரண்டு வாரமும் காலையில் கிளம்பி இரவு உன் கட்டிலுக்கே திரும்பிவிடு. உன் டிக்கெட்டில் ஆர்ஈ, ஆர்பி, எஸ்-பான் என்ற வட்டார ரயில்களில் எல்லாம் போகலாம். ஐசிஈ, ஐசி, ஈசி என்ற தூர விரைவு ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. தங்கும் செலவும் இல்லை, ரயில் செலவும் இல்லை.

முதல் நாள் ராட்டன் போ. எஸ்-பானில் முக்கால் மணி நேரத்துக்குள் எல்பே ஆற்றங்கரையில் இறங்கிவிடலாம். அக்கரைக்கு ஒரு தோணி இருக்கிறது. அதை எஞ்சின் தள்ளுவதில்லை. ஆற்றுக்குள் நங்கூரமிட்ட நீளமான கம்பியில் கட்டியிருப்பார்கள், ஓடும் தண்ணீரே அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். நான் போன அன்று கைப்பிடிக் கம்பியில் உறைபனி உப்பு மாதிரி படிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தும் யாரும் பேசவில்லை, கம்பி முனகும் சத்தம் மட்டும்தான். அங்கிருந்து படியேறினால் பாஸ்டை பாலம். 1851-இல் மணற்கல்லில் கட்டியது. ஆற்றிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். படிகளில் பனி உறைந்திருந்தால் வழுக்கும், அன்று மேலே போக வேண்டாம். கீழே கிராமத்தைச் சுற்றிவிட்டு வந்தாலே போதும்.

அடுத்து நான் மனசாரச் சொல்வது புல்ஸ்நிட்ஸ், ஹாலே என்ற இரண்டு ஊர்களை. எந்தப் பயண வழிகாட்டியும் உனக்கு இதைச் சொல்லாது.

எனக்குச் சொந்த ஊர் பொறையார், பக்கத்திலேயே தரங்கம்பாடி. பள்ளியில் படிக்கும்போது புதிய எருசலேம் ஆலயத்துக்குக் கூட்டிப் போவார்கள். 1718-இல் கட்டிய கோயில், தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை அதற்குள்தான் இருக்கிறது. அவர் 1682-இல் பிறந்த ஊர் புல்ஸ்நிட்ஸ். டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் போகும் ரயிலில் ஏறினால் வழியில் வரும் சின்ன ஊர். அந்த ஊரின் பெருமை ஃபெஃபர்கூகன், மிளகு ரொட்டி என்று சொல்லலாம். பெயரில்தான் மிளகு. அந்தக் காலத்தில் தூர தேசத்து வாசனைச் சரக்குக்கெல்லாம் பொதுவாக மிளகு என்றே சொல்லியிருக்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் கிராம்பும் ஏலக்காயும் சோம்பும் கலந்து ஒரு வாசனை வந்தது. எங்கள் தெரு மளிகைக்கடையில் நிற்பது போலவே இருந்தது.

ஹாலேக்கு லைப்சிக் வழியாக இரண்டரை மணி நேரம் ஆகும். அங்கே ஃப்ராங்கே அறக்கட்டளையின் பழைய அனாதை இல்லக் கட்டடத்தில், மேல்மாடியில் பழங்கால அதிசயப் பொருள்களின் கூடம் இருக்கிறது. அலமாரிகளில் சங்கு, பவளம், மாதிரி உருவங்கள். நடுவில் நம் பனை ஓலைச் சுவடிகள். தரங்கம்பாடியிலிருந்து பாதிரியார்கள் கப்பலில் அனுப்பியவை. கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. அப்புறம் ஒரு 'க', ஒரு 'ம' கண்ணில் பட்டது. வாய்விட்டு எழுத்துக் கூட்டினேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன் பாட்டி, "இது உங்கள் மொழியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் பேரனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தினார். தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் அச்செழுத்துகளை வார்த்ததும் ஹாலேயில்தான். 1713-இல் அவை தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் இணையத்தில் பார்த்துக்கொள்.

குளிருக்கு இங்கே எல்லோரும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் போடச் சொல்வார்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்று புகாத ஜாக்கெட். ஜாக்கெட்டைப் பழையது விற்கும் இடத்தில் வாங்கு, ஷூவைப் புதிதாக வாங்கு. பருத்தி சாக்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. என் முதல் ஜனவரியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இணைப்பு ரயில் தவறி, கூரையில்லாத பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். கால் விரல்களில் உணர்வே இல்லை. வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்ததும் வலியில் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து பையில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் ஃப்ளாஸ்க்கில் வெந்நீரும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போ. சைவத்துக்கு அதுதான் நிம்மதி.

கெம்னிட்ஸ் மாமா:
பிராக் பற்றி மட்டும் சொல்கிறேன். டிரெஸ்டனிலிருந்து ஈசி ரயிலில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே எடுத்தால் மலிவு. திரும்பும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் சோதனைக்கு ஏறலாம். பாஸ்போர்ட்டும் விசா அல்லது குடியிருப்பு அட்டையும் அசலாகவே கையில் இருக்க வேண்டும், மொபைலில் படம் காட்டினால் போதாது. விசா முடியும் தேதியை இன்றே பாருங்கள். அட்டை வரவில்லை, விசாவும் முடியப் போகிறது என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

இன்னொன்று, ஒரு மாலை அன்னபெர்க் பக்கம் வாருங்கள். எர்ட்ஸ்கெபிர்க மலை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் வில் வடிவ விளக்கு ஏற்றியிருப்பார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் அது. குளிர்காலத்தில் விடியும் முன் குழிக்குள் இறங்கி இருட்டிய பிறகு மேலே வந்தவர்களுக்கு வெளிச்சம் என்றால் உயிர். 24-ஆம் தேதியோடு அணைத்துவிட மாட்டார்கள், ஜனவரி தொடக்கத்திலும் எரியும்.

சிறுமலை:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஆம்ஸ்டர்டாம், பாரிஸை விட்டுவிட்டேன். விசா மார்ச் வரை இருக்கிறது, அதனால் பிராக் ஒரு நாள். ராட்டன், புல்ஸ்நிட்ஸ், ஹாலே, அன்னபெர்க் நான்கையும் குறித்துக்கொண்டேன். அக்கா, 24, 25-இல் எங்கே போவது?

பொறையார்க்காரி:
அந்த இரண்டு நாளும் ஊர் சுற்ற வேண்டாம் தம்பி. 24 மதியத்தோடு கடைகளை அடைத்துவிடுவார்கள். 25, 26 இரண்டும் விடுமுறை. அதையொட்டி ஞாயிறும் வந்தால் மூன்று நாள். எனக்கு இது தெரியாது. முதல் வருடம் 24 சாயங்காலம் காய்கறி வாங்கலாம் என்று இறங்கினேன், தெருவில் ஒரு ஆள் இல்லை. அறையில் இருந்தது அரிசியும் ஊறுகாயும்தான். பசி கூடப் பெரிதில்லை, மூன்று நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. அதனால் மளிகையை 23-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடு.

24 மாலை லைப்சிக்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. வீட்டில் போய்க் கொண்டாட வழியில்லாத ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமைக்கிறோம். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பாயாசம். உன்னைப் போல இன்னும் இரண்டு பேர் சைவம். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ரயில் குறைவாகத்தான் ஓடும், ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்ளலாம். காலி டப்பா இரண்டு எடுத்து வா, மறுநாளுக்கும் கட்டித் தருகிறேன்.