குடும்ப டிரஸ்டின் முதலீட்டுக் கணக்கு: வருமான வரி ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர்-5 தாக்கல் செய்வதா, ஐடிஆர்-7 தாக்கல் செய்வதா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
வணக்கம். என் பெரியப்பா, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருந்த மஞ்சள் தோட்டத்தில் பாதியை விற்று, அந்தப் பணத்தைத் தம் பேரனுக்கும் பேத்திக்குமாக ஒரு டிரஸ்டாக எழுதிவைத்து, என்னை டிரஸ்டியாக நியமித்திருக்கிறார். பணம் மியூச்சுவல் ஃபண்டிலும் வங்கி டெபாசிட்டிலும் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் வட்டியும் டிவிடெண்டுமாக நாலரை லட்சம் ரூபாய் வந்தது. பான் எண்ணின் நான்காவது எழுத்து ‘டி’ என்று இருப்பதைப் பார்த்து எங்கள் ஆடிட்டர் ஐடிஆர்-7 தாக்கல் செய்துவிட்டார். இப்போது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 139(9) பிரிவின்கீழ், ரிட்டர்னில் குறைபாடு இருப்பதாக நோட்டீஸ் வந்துள்ளது. கொடுத்த பதினைந்து நாளில் ஐந்து நாள் போய்விட்டது. எந்தப் படிவம் சரி என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (திருப்பூர்):
நம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கும் டிரஸ்ட், கல்யாண மண்டபத்துக்கும் டிரஸ்ட் என்பதால், டிரஸ்ட் என்றாலே ஐடிஆர்-7 என்று கை தானாகப் போய்விடுகிறது. அந்தப் படிவம் 139(4ஏ) முதல் 139(4டி) வரையிலான பிரிவுகளின்கீழ் ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய தர்ம, சமய அறக்கட்டளைகள், அரசியல் கட்சிகள் போன்றவற்றுக்கு உரியது. ‘டி’ என்ற எழுத்து டிரஸ்ட் என்பதை மட்டுமே காட்டும். அது தர்ம டிரஸ்டா குடும்ப டிரஸ்டா என்பதைக் காட்டாது. உங்களுக்கு உரியது ஐடிஆர்-5. படிவத்தை மாற்றுவது சுலபம். எந்த விகிதத்தில் வரி என்பதுதான் சிக்கல். பயனாளிகளான பேரன், பேத்தியின் பங்கு பற்றி டிரஸ்ட் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
ஐந்தாம் பத்தியில் “வருமானத்தை இருவரும் சமபாதியாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று இருக்கிறது.

மறுமொழி (திருப்பூர்):
அப்படியானால் இது பங்கு நிச்சயமான, அதாவது யாருக்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே தீர்மானித்த டிரஸ்ட். 161ஆம் பிரிவின்படி, பயனாளிகள் தாமே வரி கட்டினால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் டிரஸ்டியின் கையிலும் வரும்.

மறுமொழி (பொள்ளாச்சி):
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு முடிவு செய்வது நல்லது. நான் பார்த்த பத்திரங்களில், முன்னால் சமபாதி என்று எழுதிவிட்டு, பின்னால் டிரஸ்டியின் அதிகாரங்களைச் சொல்லும் இடத்தில் அதைக் கலைத்திருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்னதுபோலவே இருக்கிறது. ஒன்பதாம் பத்தி: “மேற்படி பாகங்களை டிரஸ்டியானவர் தம் உசிதம்போல் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.” நான் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை.

மறுமொழி (பொள்ளாச்சி):
பயன்படுத்தினீர்களா என்பது கணக்கில் வராது. பயனாளி யார், அவருக்கு எவ்வளவு என்பது பத்திரம் எழுதிய தேதியிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டு, கண்டறியத்தக்கதாக இருந்தால்தான் பங்கு நிச்சயம் என்று 164ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஒன்பதாம் பத்தி இருக்கும்வரை பங்கு நிச்சயமில்லை என்றே கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட டிரஸ்டின் வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் பொதுவாக உச்சபட்ச விகிதத்தில் வரி. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: பயனாளிகளில் எவருக்கும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய வேறு வருமானம் இல்லாமலும், எவரும் வேறு டிரஸ்டில் பயனாளியாக இல்லாமலும் இருந்தால், நபர்களின் சங்கத்துக்கு (ஏஓபி, பலர் சேர்ந்த அமைப்பு) உரிய சாதாரண அடுக்கு (ஸ்லாப்) விகிதமே போதும். இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர்:
இருவரும் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறார்கள். வேறு வருமானமும் இல்லை, வேறு டிரஸ்டும் இல்லை.

மறுமொழி (பொள்ளாச்சி):
அப்படியானால் விலக்கு பொருந்துகிறது. நோட்டீஸுக்குப் பதிலாக ஐடிஆர்-5 தாக்கல் செய்யுங்கள். கெடுவைத் தவறவிட்டால் ரிட்டர்னே கொடுக்காததாகக் கருதப்படும். குறைந்த வருமானத்துக்கான 87ஏ வரித் தள்ளுபடி தனிநபருக்கு மட்டுமே என்பதால், அதைக் கழித்துவிட வேண்டாம். பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது வியாபார வருமானம், அது சேர்ந்தால் இந்த விலக்கே போய்விடும்.

மறுமொழி (திருப்பூர்):
ஐந்தாம் பத்தியோடு நான் நின்றுவிட்டது என் தவறு. பொள்ளாச்சிக்காரர் சொல்வதே சரி.

கேள்வி கேட்டவர்:
ஐடிஆர்-5 இன்று தாக்கல் செய்து, மின்சரிபார்ப்பும் முடித்துவிட்டேன். பேரனுக்கு வருகிற ஜூலையில் பெங்களூரில் வேலை. அதற்குப் பிறகும் இதே விகிதம்தானா?

மறுமொழி (பொள்ளாச்சி):
இல்லை. அவர் சம்பளம் வரம்பைத் தாண்டும் ஆண்டிலிருந்து டிரஸ்டின் வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் உச்சபட்ச விகிதம்தான். படிவம் மட்டும் மாறாது.