செல் சவ்வு கொழுப்பால் ஆனது என்றால் தண்ணீர் அதனூடே எப்படிப் போகிறது?

மாலை வகுப்பு ஆசிரியை, தாராவி:

அனைவருக்கும் வணக்கம். தாராவியில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் எல்லாருமே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், தமிழில் விளக்கினால்தான் பாடம் மனத்தில் நிற்கிறது. நான் படித்த காலத்தில் கேட்டபடியே, செல் சவ்வு என்பது செல்லைச் சுற்றியுள்ள மதில் என்று நேற்றுச் சொன்னேன். உடனே ஒரு மாணவி, "சவ்வு கொழுப்பால் ஆனது என்கிறீர்கள், எண்ணெயும் தண்ணீரும் சேராதே, பிறகு தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? அது பாய்மம் என்று புத்தகத்தில் இருக்கிறதே, பாய்மம் என்றால் ஏன் ஒழுகிப் போகவில்லை?" என்று கேட்டாள். நல்ல கேள்விகள். மழுப்பிவிட மனம் வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மாட்டுங்கா:

வணக்கம் அம்மா. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்; அது தெளிந்தால் முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். சவ்வின் அடிப்படை பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு மூலக்கூறு. அதன் தலை நீரை விரும்பும், கொழுப்பு அமிலங்களாலான இரண்டு வால்களும் நீரை விலக்கும். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். எனவே தலைகள் இருபுறமும் நீரைத் தொட்டுக்கொண்டு நிற்க, வால்கள் நீர் படாமல் நடுவில் ஒடுங்கிக்கொள்கின்றன. இந்த இரட்டை அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் பசை எதுவும் இல்லை. சுற்றியுள்ள நீர்தான் அதைக் கட்டிக்காக்கிறது. சிறு கிழிசல் விழுந்தால் வால்கள் நீரில் பட நேர்வதால், ஓரங்கள் தாமாகவே கூடிவிடுகின்றன. ஒழுகாததற்குக் காரணம் இதுவே.

இரண்டு அடுக்கு என்பதை எப்படிக் கண்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1925இல் கார்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பார்த்தபோது, அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை நிரப்பியது. அவர்கள் அளவீட்டில் இருந்த இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன என்று பின்னாளில் தெரிந்தாலும், முடிவு சரியாகவே நின்றது.

பாய்மம் என்ற சொல்லுக்கு 1970இல் ஃபிரை, எடிடின் இருவரும் செய்த சோதனையே சிறந்த சான்று. எலியின் செல்லையும் மனிதனின் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிர் நிறம் ஏற்றினார்கள். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி பிரிந்திருந்த நிறங்கள், 37 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடங்களில் முழுவதும் கலந்துவிட்டன. மதிலில் பதித்த கல் இப்படி நகருமா? 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரி, கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதப்பதாகச் சவ்வை விவரிக்கிறது. மதில் உவமையை இனி விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஆய்வகப் பணியாளர், செம்பூர்:

ஐயா சொன்னதோடு முதல் கேள்விக்கான விடையையும் சேர்க்கிறேன். நீர் மூலக்கூறு மிகச் சிறியது, மின்னூட்டமும் இல்லாதது. ஆகவே கொழுப்பு அடுக்கின் ஊடாகவே அது மெல்லக் கசிந்து செல்லும். வேகம் தேவைப்படும் சிறுநீரகச் செல்களிலும் சிவப்பணுக்களிலும் அக்குவாபோரின் என்ற புரதத் துளைகள் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொழுப்பில் தடையின்றி நுழைந்துவிடும். சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டம் கொண்ட அயனிகளுக்குப் புரதத்தின் துணையில்லாமல் வழியே கிடையாது.

இரத்தத் துளியைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டால், சில நொடிகளில் கலங்கல் மறைந்து, ஒளி ஊடுருவும் சிவப்பு நீராகிவிடும். உள்ளே புகுந்த நீரால் செல்கள் உப்பி வெடித்து, ஹீமோகுளோபின் வெளியேறியதே காரணம். செல்லின் உட்கரைசலுக்கு இணையான செறிவுள்ள 0.9 சதவீத உப்பு நீரில் அதே போன்ற துளியை விட்டால் கலங்கல் அப்படியே இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் இந்த இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் காட்டுங்கள். குடல் செல்லின் சவ்விலுள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது, தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளுக்கோஸும் இருக்கின்றன. சர்க்கரை சுவைக்காகச் சேர்த்தது அன்று.

மாலை வகுப்பு ஆசிரியை, தாராவி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பீட்ரூட் துண்டுகளை நன்றாகக் கழுவி, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரிலும் ஒரு டம்ளர் கொதிநீரிலும் போட்டோம். பச்சைத் தண்ணீர் பெரிதாக நிறம் மாறவில்லை; கொதிநீர் சீக்கிரமே அடர்சிவப்பானது. வெப்பத்தால் சவ்வு சிதைந்தது என்று கேள்வி கேட்ட மாணவியே விளக்கினாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மாட்டுங்கா:

மிக நல்ல சோதனை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: பீட்ரூட்டின் நிறமி செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழ் (வாக்குவோல்) என்ற பையில் இருக்கிறது. அது வெளிவர நுண்குமிழின் சவ்வும் செல் சவ்வும் ஆக இரண்டும் சிதைய வேண்டும். செல்லுலோஸாலான செல் சுவர் வெளியே நின்றுகொண்டுதான் இருக்கும், ஆனால் நிறமியைத் தடுக்க அதனால் முடியாது. செல் சுவருக்கும் செல் சவ்வுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சிவப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டே நாளை தொடங்கலாம்.