பள்ளிக்கு வெளியே அறிவியல்: அறிவியல் படிக்காத பெற்றோர் பிள்ளைகளுக்கு எப்படித் துணை நிற்கலாம்?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் தமிழ்வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால் பாடத்தின் முடிவில் உள்ள வினாக்களுக்கு விடை ஒப்பிப்பதோடு அவளுடைய அறிவியல் முடிந்துவிடுகிறது. சிறு வயதில் எதற்கெடுத்தாலும் “ஏன்?” என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை இப்போது எதையும் தானாகச் செய்து பார்க்க விரும்புவதில்லை. நானும் என் கணவரும் வணிகவியல் படித்தவர்கள். உறவினர் சிலர் தனிப்பயிற்சி வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் இணையத்தில் விற்கும் பரிசோதனைப் பெட்டிகளை வாங்கித் தரச் சொல்கிறார்கள். எங்கள் வருமானத்தில் இரண்டும் எளிதல்ல. மாலையில் சிறிது நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் என்னால் அவளோடு செலவிட முடியும். அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்)

வணக்கம் சகோதரி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது தேவைப்படுவது கூடுதல் தகவல் அல்ல. ஒரு செய்தி உண்மையா என்பதைத் தானே சோதித்து அறியலாம் என்ற நம்பிக்கைதான். அதைக் கொடுப்பதற்குப் பெற்றோர் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் வாரந்தோறும் மாவு அரைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதிலிருந்து தொடங்குங்கள்.

அரைத்த தோசை மாவில் உப்புப் போட்டு நன்றாகக் கலக்கி, ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடித் தம்ளர்களில் பாதி வரை ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டச் சொல்லுங்கள். ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். ஒன்று சமையலறை மேடையில். இன்னொன்று வெதுவெதுப்பான நீர் உள்ள பாத்திரத்துக்குள். எது அதிகம் பொங்கும், ஏன் அப்படி நினைக்கிறாள் என்பதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். முன்கணிப்பை எழுதாத பிள்ளை முடிவைப் பார்த்ததும் “இது எனக்கு முன்பே தெரியும்” என்று சொல்லிக் கடந்துவிடும். எழுதிய பிள்ளைக்கோ, தன் கணிப்பு எங்கே பொருந்தியது, எங்கே தவறியது என்று பார்க்கும் ஆவல் வந்துவிடும். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவுகோலை வைத்து உயரத்தைக் குறித்துவரட்டும்.

மாவிலுள்ள நுண்ணுயிரிகள் அதிலிருக்கும் சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகின்றன. அந்த வாயு மாவுக்குள் சிக்கிக்கொள்வதால் மாவு பொங்குகிறது. இந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டாம். குமிழிகளைப் பார்த்து அவளே கேட்கும்போது சொன்னால் அது மனத்தில் நிற்கும்.

அடுத்த வாரம், கையால் கலக்கினால்தான் மாவு நன்றாகப் புளிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதைச் சோதிக்கலாம். ஒரு தம்ளரில் கையால் கலக்கிய மாவு, இன்னொன்றில் கரண்டியால் கலக்கிய மாவு. இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: கையால் கலக்கிய தம்ளரை அடுப்பின் அருகிலும் மற்றதைச் சன்னலோரத்திலும் வைத்துவிட்டால், வேறுபாடு கையால் வந்ததா வெப்பத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை இதன் வழியாக அவள் உணர்ந்துகொண்டால், பாடப்புத்தகத்தில் உள்ள எந்தச் சோதனையையும் அவள் வேறு கண்ணோடு படிப்பாள்.

பதில் (இரு பிள்ளைகளின் தந்தை, திருநெல்வேலி)

ஆசிரியர் ஐயா சொன்னது மிகவும் சரி. ஆயினும் வீட்டிலேயே எல்லாம் நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் பெற்றோரைவிடத் தம் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் ஆர்வமாக எதையும் செய்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மதுரைக் கிளையினரைத் தொடர்புகொள்ளுங்கள். அவர்கள் நடத்தும் ‘துளிர்’ மாத இதழ் 1987 முதல் தமிழில் வந்துகொண்டிருக்கிறது. சந்தா கட்டுவது ஒரு பயிற்சி வகுப்பின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரைச் சார்ந்த ஒரு சிக்கலை ஆய்வு செய்து அறிக்கை தருகிறார்கள். தெருக்குழாய் நீரையோ கண்மாயையோ ஆராயும்போது பிள்ளைக்குத் தன் ஊரே ஆய்வுக்கூடமாகிவிடுகிறது.

எங்கள் ஊரில் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. உங்களுக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் எட்டும் தூரம்தான். 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியனின் பரப்பில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். ஆனால் இத்தகைய இடங்களுக்குப் போகும்போது எல்லாக் காட்சிப் பொருள்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலாதீர்கள். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள். மற்றவற்றுக்கு இன்னொரு நாள் போகலாம்.

பதில் (தோட்டக்கலையில் ஈடுபாடுள்ள ஒரு தாய், கோயம்புத்தூர்)

வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அதுவே போதும். கொழுந்து இலைகளில் ஒருவகைக் கரிய வண்ணத்துப்பூச்சி தனித்தனியாக முட்டையிடும். வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்த பிறகு பச்சையாக மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவடு போன்ற உறுப்பை நீட்டி நெடியை வீசும். ஏன் நிறம் மாற வேண்டும், அந்த நெடி யாரை விரட்ட, கூட்டுப்புழு சில நேரம் பச்சையாகவும் சில நேரம் பழுப்பாகவும் இருப்பது ஏன் என்று கேள்விகள் தாமாகவே வரும். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவி வெளிவருவதும் உண்டு. அது பிள்ளைக்கு வருத்தம் தரலாம். அப்போது மறைக்காமல் ஒட்டுண்ணி வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள். தினமும் படம் வரையச் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுக்கும் படத்தைவிட, வரைவதற்காக உற்றுப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாவுச் சோதனையை இந்த வாரமே தொடங்குகிறோம். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எனக்கு விடை தெரியாத கேள்வியை அவள் கேட்டால் என்ன செய்வது? பரிசோதனைப் பெட்டி இல்லாமல் இயற்பியலில் ஏதேனும் செய்ய முடியுமா?

பதில் (அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்)

தெரியாது என்று தயங்காமல் சொல்லுங்கள், உடனே “இதை நாம் எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேளுங்கள். அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைத் தேடுகிறோம் என்பது பிள்ளைக்கு மிகப் பெரிய ஊக்கம். அவளுடைய கேள்விகளைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வையுங்கள். வாரம் ஒன்றைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்கட்டும்.

இயற்பியலுக்கு ஒரு நேரான குச்சி போதும். மொட்டை மாடியில் அதைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒரு நாள் 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். மதுரையில் ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும் நண்பகலில் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும். சென்னையில் அது ஏப்ரல் 24-ஐ ஒட்டி வரும். டெல்லியில் வரவே வராது. ஏப்ரலில் உங்கள் ஊரில் நிழல் மிகக் குறைவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.17-க்கு என்பதையும் அவள் கவனிப்பாள். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை அதற்கு மேற்கே இருக்கிறது. இந்தக் காரணத்தை உடனே சொல்லிவிடாமல், நிலவரைபடத்தை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

மின்சுற்று செய்ய விரும்பினால் 1.5 வோல்ட் மின்கலங்களை மட்டும் பயன்படுத்துங்கள். சுவரிலுள்ள மின்செருகியின் பக்கம் போகவே கூடாது. நிழலை அளக்கும்போது தலையில் துணி இருக்கட்டும், சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். முதல் மாதத்து அளவுகள் சேர்ந்ததும் இங்கே பதிவிடுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளையும் அதே நாள்களில் தஞ்சையில் அளக்கச் சொல்கிறேன், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.